வலது சுண்டுவிரலில் இருந்த புள்ளி

இத்தனை வருஷமாக, ஒரு சிலரைத் தவிர, விரலுக்கு என்ன என்று கேட்டவர்களிடமெல்லாம் நரம்பு ஆபரேஷன் என்றுதான் சொல்லி வந்திருக்கிறேன். எனக்கு ஆபரேஷன் எதுவும் நடக்கவில்லை. எனக்கு வந்தது தொழுநோய். எங்கள் மணிமங்கலத்தில் அதைப் பெருவியாதி என்பார்கள். அதையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். குரலைத் தாழ்த்தி, விரல்களை மடக்கி ஒரு ஜாடை காட்டுவார்கள். அதற்காக நாலு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். நோய் போய்விட்டது. பொய் மட்டும் தங்கிவிட்டது. அதையும் இறக்கிவைத்துவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். இப்போது யாருக்காவது கையில் ஒரு தேமல் உணர்ச்சியில்லாமல் இருந்து, அவர்கள் அதைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு அலைந்தால், அவர்களுக்கு இது உதவட்டும்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. எழுபதுகளின் கடைசி. ஸ்ரீபெரும்புதூர் தாண்டி, மெயின் ரோட்டோரம் போல்ட்டும் நட்டும் செய்கிற ஒரு கம்பெனியில் தமிழ் டைப்பிஸ்ட். ஆபீஸ் அறையில் நாங்கள் இரண்டு பெண்கள். இங்கிலீஷ் மிஷின் கோகிலாவுக்கு, தமிழ் மிஷின் எனக்கு. கோகிலா என்னைவிட மூன்று வயது சின்னவள், குன்றத்தூர்க்காரி, ஓயாமல் பேசுவாள். அவளும் தமிழ் டைப்பிங் லோயர் பாஸ் செய்தவள்தான். ஆனால் தமிழ் மிஷின் பக்கம் அவளை நான் விட்டதில்லை. என் வேகம் அவளுக்கு வராது என்று ஒரு கர்வம். அந்தக் கர்வத்தை மறைத்துக்கொண்டதும் இல்லை.

தமிழ் டைப்ரைட்டரைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அதில் க், ப், ட் என்று புள்ளி வைத்த எழுத்துகளுக்குத் தனி விசை கிடையாது. புள்ளிக்கு என்று ஒரு விசை. அதை முதலில் தட்ட வேண்டும். தட்டினால் காகிதத்தில் புள்ளி விழும், ஆனால் காகிதத்தைச் சுமக்கும் கேரேஜ் நகராது, அங்கேயே நிற்கும். அடுத்து எழுத்தைத் தட்டினால் அது புள்ளிக்குக் கீழே போய் உட்காரும். தமிழில் புள்ளி இல்லாமல் ஒரு வரி எழுதிப் பாருங்கள், அது எவ்வளவு வேலை செய்கிறது என்று தெரியும். அந்த விசையைக் கொடுத்திருந்தது வலது கைச் சுண்டுவிரலுக்கு. இருக்கிற பத்து விரலில் சோனி விரல் அதுதான். அதன் தலையில் இருக்கிறதிலேயே பெரிய சுமை. யார் அப்படி அமைத்தார்களோ, அவர்களை ஒரு நாள் முழுக்க உட்கார்த்தி அடிக்கச் சொல்ல வேண்டும்.

நோயை முதலில் கண்டுபிடித்தது கார்பன் காகிதம். கடிதத்துக்கு மூன்று நகல் எடுப்போம். கோகிலாதான் கோப்பில் போடுவாள்.

"மூணாவது காப்பியில புள்ளியே விழலக்கா. கார்பன் தேஞ்சி பூட்ச்சா?" என்று ஒரு நாள் கேட்டாள்.

கார்பனை மாற்றினேன். ரிப்பனை மாற்றினேன். மெட்ராஸிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்து எண்ணெய் போடச் சொன்னேன். மிஷின் மேல்தான் எனக்குச் சந்தேகமே தவிர, விரல் மேல் வரவில்லை. இரண்டாவது நகலிலும் புள்ளி மங்கியது. பிறகு ஒரு நாள் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் டீ வாங்கி, கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டே பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் காலையில் சுண்டுவிரலின் பக்கவாட்டில் பெரிய கொப்புளம். சுட்டது எனக்குத் தெரியவே இல்லை. அன்றுதான் மிஷினை விட்டு விரலைச் சந்தேகித்தேன்.

கம்பெனி டாக்டர் சுளுக்கு என்றார், தைலம் கொடுத்தார். ஒரு மாதம் தேய்த்தேன். சுண்டுவிரல் மற்ற விரல்களோடு சேராமல் விலகி நிற்க ஆரம்பித்தது. மறுபடி போனபோது அவர் என் ரவிக்கைக் கையை மேலே ஏற்றச் சொன்னார். முழங்கைக்கு மேலே ஒரு வெளிறிய தேமல், ஒரு வருஷமாக இருப்பது. அதைப் பார்த்தவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டார். செங்கல்பட்டுப் பக்கம் உள்ள ஆஸ்பத்திரிக்கு ஒரு சீட்டு எழுதி, நாலாக மடித்து மேசை மேல் வைத்தார், கையில் கொடுக்கவில்லை. பஸ்ஸில் பிரித்துப் பார்த்தேன். இரண்டே இரண்டு ஆங்கில எழுத்துகள், பின்னால் ஒரு கேள்விக்குறி. அது எதற்குச் சுருக்கம் என்று எனக்குத் தெரியாது. அவர் நாற்காலியை நகர்த்தியது மட்டும் தெரிந்துவிட்டது.

அந்த ஆஸ்பத்திரியின் காத்திருப்புக் கூடத்தைப் போல ஒரு அமைதியை வேறு எங்கும் நான் பார்த்ததில்லை. மற்ற ஆஸ்பத்திரியில் என்றால் பக்கத்தில் இருப்பவர் என்ன உடம்புக்கு, எந்த ஊர் என்று ஆரம்பித்துவிடுவார். இங்கே யாரும் யாரையும் எந்த ஊர் என்று கேட்பதில்லை. தன் ஊர்க்காரர் யாரும் இருந்துவிடக் கூடாதே என்ற பயம் எல்லோருக்கும். நானும் முந்தானையை நெற்றி வரை இழுத்துவிட்டுக்கொண்டு தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் ஒரு அம்மா, நடுத்தர வயசு. கையில் பஞ்சைத் திரித்து மெல்லிய நுனியாக வைத்திருந்தார்.

"கண்ணை மூடிக்கோ. நான் தொடற இடத்தை விரலால காட்டணும்" என்றார்.

கண்ணை மூடிக்கொண்டேன். இடது கையில் தொட்டார், காட்டினேன். வலது கையில் கட்டைவிரல் பக்கம் தொட்டார், காட்டினேன். பிறகு ரொம்ப நேரம் ஒன்றும் நடக்கவில்லை. நான் காத்திருந்தேன். பொறுமை போய், "தொடுங்கம்மா" என்றேன்.

"ஒம்பது தடவ தொட்டுட்டேன் கஸ்தூரி" என்றார்.

பிறகு முழங்கையின் பின்பக்கம் எலும்புக் குழியில் விரலை வைத்து உருட்டிப் பார்த்தார். அங்கே ஓடுகிற நரம்பு பென்சில் கனத்துக்கு வீங்கியிருந்ததை எனக்கும் தொட்டுக் காட்டினார். காது மடலில் துளியூண்டு கீறி, கசிந்ததைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து எடுத்துக்கொண்டு போனார்கள். கிருமி வெளியே தெரிகிறதா என்று பார்க்கிற சோதனை அது. இல்லை என்று வந்தது. அதாவது, என்னிடமிருந்து யாருக்கும் ஒட்டாது. அந்தக் கிருமிக்குக் குளிர்ந்த இடமும் நரம்பும்தான் பிடிக்குமாம். என் முழங்கை நரம்பில் குடியிருந்து, அதை வீங்க வைத்து, அந்த நரம்பு போய்ச் சேருகிற சுண்டுவிரலையும் மோதிர விரலில் பாதியையும் மரக்கச் செய்துவிட்டது. மாத்திரை சாப்பிட்டால் கிருமி சாகும். வருஷக்கணக்கில் சாப்பிட வேண்டும். வீக்கத்துக்கு வேறு மருந்து, கூட இருந்து பார்க்க வேண்டும், அதனால் படுக்கையில் சேர வேண்டும்.

"விரல் வருமாம்மா?"

"நோய் போயிடும். விரல் வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம். பொய் சொல்ல மாட்டேன்."

நான் டைப்பிஸ்ட் என்று சொன்னேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் சுண்டுவிரலை மறுபடி நீட்டி மடக்கிப் பார்த்தார்.

வீட்டில் நானும் அம்மாவும் அண்ணன் ஏழுமலையும்தான். அண்ணன் கம்பெனிக்குப் போய் நரம்பு ஆபரேஷன் என்று சொல்லி லீவு எழுதிக் கொடுத்தது. தெருவுக்கு, பம்பாயில் சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னார்கள். எங்களுக்குப் பம்பாயில் சித்தி என்று யாரும் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் போட முடியாது, ஏனென்றால் உறையில் தபால் முத்திரை விழும், எங்கள் ஊர்த் தபால்காரருக்கு அதைப் படிக்காமல் கொடுத்துப் பழக்கமில்லை. அங்கிருந்தும் எனக்கு வராது. இரண்டு கடிதம் எழுதி, போடாமலே கிழித்தேன். மூன்றாவது எழுதத் தோன்றவில்லை.

அம்மா மாதத்துக்கு ஒரு தரம் வருவாள். முதல் தரம் வந்தபோது என் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, நான் குடித்துவிட்டு வைத்திருந்த டம்ளரை எடுத்து, மிச்சத் தண்ணீரைக் குடித்தாள்.

"அம்மா, வேற டம்ளர் கீது" என்றேன்.

"இதுக்கு இன்னாடி. நீ என் வவுத்துல பொறந்தவதான" என்றாள்.

அவள் கிளம்பிப் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். குழாயடியில் நின்று வாயைக் கொப்பளித்துக் கொப்பளித்துத் துப்பிக்கொண்டிருந்தாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. பயத்தை வைத்துக்கொண்டே குடித்தாளே, அதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. ஆனால் அதன் பிறகு அவள் வந்தால் டம்ளரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்துவிடுவேன்.

பெண்கள் வார்டில் இருபது கட்டில். பக்கத்துக் கட்டில் அலமேலு. அவளுக்கு நோய் குணமாகி ஆறு வருஷம் ஆகியிருந்தது. டிஸ்சார்ஜ் எழுதிக் கொடுத்தால், இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொள்வாள். வந்து கூட்டிப்போக ஆள் இல்லை, போனால் செய்ய வேலை இல்லை. சமையல் கட்டில் காய் நறுக்கிக் கொடுத்துக்கொண்டு அங்கேயே இருந்தாள். நல்லவள். ஆனால் அவளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு கணக்கு ஓடும். பம்பாயிலிருந்து நான் திரும்பி வர வேண்டுமென்றால் எனக்கு உத்தியோகம் வேண்டும். உத்தியோகம் வேண்டுமென்றால் புள்ளி வேண்டும். அது கிடைக்காவிட்டால் பக்கத்துக் கட்டிலில் நானும் காய் நறுக்கிக்கொண்டிருப்பேன். படுத்துக்கொண்டு இதையேதான் நினைப்பேன்.

காலையில் மெழுகுக் குளியல். உருக்கின மெழுகில் கையை முக்கி முக்கி எடுத்தால் கையுறை போட்டதுபோல் படியும். அது ஆறின பிறகு உரித்துவிட்டு, எண்ணெய் போட்டு விரல்களை நீவி மடக்கச் சொல்வார்கள். பிசியோதெரபி மேரி அக்கா அதைச் செய்வார். மெழுகின் சூடு மூன்று விரலுக்குத் தெரியும், சுண்டுவிரலுக்குத் தெரியாது. அந்த விரல் யாரோ ஒருத்தருடையது போல என் கையில் இருந்தது. இரண்டு மாதம் போனது. வீக்கம் வடிந்தது, முழங்கை வலி போனது, மோதிர விரலில் கொஞ்சம் பலம் வந்தது. சுண்டுவிரல் வரவில்லை.

மேரி அக்காதான் ஆபீசில் கேட்டு, அங்கே உறை போட்டுச் சும்மா கிடந்த ஒரு பழைய தமிழ் மிஷினைச் சாயங்காலங்களில் என்னிடம் விட ஏற்பாடு செய்தார். உட்கார்ந்தேன். என் பெயரை அடித்தேன். கஸ்தூரி என்ற பெயரில் ஒரே ஒரு புள்ளி. அதற்குக் கை முழுவதையும் தூக்கி, நடுவிரலை அங்கே கொண்டுபோய்த் தட்டிவிட்டுத் திரும்பினால், மற்ற விரல்கள் வீடு மறந்து நின்றன. பார்க்காமல் அடிக்கிற கை அது. ஒரு விரல் இடம் பெயர்ந்தால் பத்தும் குழம்பிப் போகும். ஒரு வரி அடிப்பதற்குள் வியர்த்துவிட்டது. மிஷின் மேல் தலையை வைத்துக்கொண்டு அழுதேன், அங்கே அழுவதைப் பார்க்க யாரும் இல்லாததும் ஒரு வசதி.

விரலை இடம் மாற்ற முடியாது. விசையை மாற்றினால் என்ன என்று எப்போது தோன்றியது என்று சரியாகச் சொல்ல முடியவில்லை. மேரி அக்காவிடம் சொன்னேன். "செருப்புப் பட்டறையில தேவசகாயம்னு ஒருத்தர் இருக்காரு. மெட்ராஸ்ல டைப்ரைட்டர் மெக்கானிக்கா இருந்தவர். கேட்டுப் பாரு. வாய்தான் கொஞ்சம் அப்படி இப்படி இருக்கும்" என்றார்.

பாதத்தில் உணர்ச்சி இல்லாதவர்களுக்காக மெத்தென்ற ரப்பர் வைத்துச் செருப்புத் தைக்கிற பட்டறை அது. தேவசகாயத்துக்கு என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். இரண்டு கையிலும் விரல்கள் உள்ளே மடங்கியிருந்தன. தலையைத் தூக்காமலே கேட்டார்.

"இன்னா வோணும்?"

"டைப்ரைட்டர்ல ஒரு கீயை இடம் மாத்தணும்."

"எத்த?"

"புள்ளி."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "இருக்கறதுலயே பேஜாரான கீ அதாம்மா. மத்த எழுத்துன்னா ஈயத்த உருக்கி இங்க இருக்கறத அங்க ஒட்டிட்டுப் பூடலாம். புள்ளிய அடிச்சா கேரேஜ் நவுறக் கூடாது. எழுத்த மட்டும் மாத்தி ஒட்டினா, புள்ளி அடிச்சா நவுந்துக்கினு போவும், அந்த எழுத்து அடிச்சா நின்னுக்கினு கெடக்கும். தெரியுமா?"

"தெரியாது. அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன்."

"என்கிட்ட வந்து? என் கைய்யப் பாத்தியா?" என்று இரண்டு கையையும் நீட்டினார். வலது ஆள்காட்டி விரலில் பழைய தீக்காயத் தழும்புகள். ஈயம் பற்றவைக்கிற சூட்டுக்கோலைப் பிடித்துக்கொண்டிருந்தபோது விரல் கருகுவது அவருக்குத் தெரியவில்லையாம். பக்கத்தில் இருந்தவன் வாடை வருகிறது என்று சொன்ன பிறகுதான் பார்த்தாராம். அன்றோடு தொழில் போயிற்று. ஆஸ்பத்திரியிலும் சூட்டுக்கோலைத் தொடக் கூடாது என்று அவருக்கு உத்தரவு.

"என் இடது கை நல்லாத்தான் இருக்கு. நீங்க சொல்லுங்க, நான் செய்றேன்" என்றேன்.

அவர் மறுபடி செருப்புத் தைக்கக் குனிந்துகொண்டார். மறுநாள் சாயங்காலம் ஆபீஸ் அறைக்கு வந்து, மிஷினைத் தலைகீழாகக் கவிழ்த்து, "இப்டிப் புடி" என்றார்.

எதனோடு மாற்றுவது என்பதில்தான் இரண்டு நாள் சண்டை. நான் இடது கைக்குக் கொண்டுவரச் சொன்னேன். அவர் இடது சுண்டுவிரலுக்குப் போடலாம் என்றார். "ஒரு சுண்டுவிரலை முடிச்சாச்சு, இன்னொண்ணையும் முடிக்கணுமா?" என்றேன். கடைசியில் இடது மோதிர விரலின் கீழ் இருக்கிற 'ள' விசைக்குப் புள்ளி வருவது, 'ள' புள்ளி இருந்த இடத்துக்குப் போவது என்று முடிவானது. 'ள' அத்தனை அடிக்கடி வராது, வரும்போது வலது மோதிர விரலை எட்டிப் போட்டுச் சமாளிக்கலாம். இனி புள்ளியைத் தாங்கி அடிக்கப்போகிற கம்பியின் அடியை அரத்தால் தேய்த்தால் அது கேரேஜை நகர்த்தாது. 'ள' போகிற இடத்துக்கு, செத்த மிஷின் ஒன்றிலிருந்து வேறு கம்பி எடுத்துப் போட வேண்டும். இதையெல்லாம் அவர் வாயால் சொல்ல, நான் இடது கையால் செய்தேன். மூன்று தரம் கெடுத்தேன். ஒவ்வொரு தரமும் "டைப்பிஸ்ட்டுங்களுக்கு மிஷினத் தட்டத்தான் தெரியும்" என்று திட்டுவார். சூடு பட்டு நான் கையை உதறினால், "சுடுதா?" என்று கேட்பார். ஒரு தரம் நான் தலையை மட்டும் ஆட்டியபோது, "சொல்லேன், எப்டிச் சுடுது?" என்றார். 

பத்து நாளில் வேலை முடிந்தது. அடுத்த ஒன்றரை மாதம் கையைப் பழக்கினேன். பழைய பழக்கத்தை மறப்பது புதிதாகப் படிப்பதைவிடக் கஷ்டம். புள்ளி வரும்போதெல்லாம் அந்த மரத்த சுண்டுவிரல் தன் இடத்தில் கொஞ்சம் அசையும். வேலை போனதை அதற்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. அது அசையும்வரை இடது மோதிர விரல் காத்திருக்கும். அப்புறம் மெல்ல மெல்ல அதுவே முந்திக்கொண்டது. பழைய வேகத்தில் முக்கால் பங்கு வந்தது. கிளம்புகிற அன்று தேவசகாயத்திடம் சொல்லிக்கொள்ளப் போனேன். எந்தக் கம்பியை எப்படி மாற்றுவது என்று ஒரு காகிதத்தில் படம் போட்டு வைத்திருந்தார். "அங்க இருக்கற மெக்கானிக்குக்கு இத்தக் காட்டு. புரியலன்னா அவன் மெக்கானிக்கே இல்ல" என்றார். 

வேலைக்குச் சேர டாக்டர் சர்ட்டிபிகேட் கொடுக்க வேண்டும். அதன் தலைப்பில் ஆஸ்பத்திரியின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அண்ணன் வேறு டாக்டரிடம் ஒன்று வாங்கித் தருவதாகச் சொன்னது. ஆனால் விசையை மாற்றிக் கொடுங்கள் என்று கேட்க வேண்டும், ஏன் என்று கேட்பார்கள். ஒரு ராத்திரி முழுக்க யோசித்து, உண்மையான சர்ட்டிபிகேட்டையே எடுத்துக்கொண்டு போனேன். தைரியம் ஒன்றும் இல்லை. இன்னொரு பொய்யைப் பார்த்துக்கொள்ளத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

மானேஜர் வடக்கேயிருந்து வந்தவர். தமிழ் ஓரளவு பேசுவார், படிக்கத் தெரியாது. சர்ட்டிபிகேட்டை மேசையில் வைக்கச் சொல்லி, எடுக்காமல் குனிந்தே படித்தார். தொற்றாது என்று எழுதியிருந்த வரியை இரண்டு தரம் படித்தார் என்று நினைக்கிறேன். நான் விசையைப் பற்றிச் சொன்னேன்.

"மாற்றினால், வேறே ஆள் அந்த மிஷினில் அடிக்க முடியுமா?" என்று கேட்டார்.

"முடியாது சார். தப்புத் தப்பா வரும்."

"ரொம்ப நல்லது" என்றார். "மாற்றிக்கொள்ளுங்கள்."

மாடிப்படி இறங்கும்போதுதான் அந்த 'நல்லது' எனக்குப் புரிந்தது. அந்த மிஷினை இனி என்னைத் தவிர யாரும் தொட வேண்டியதில்லை, அதுதான் அவருக்கு நல்லது. கேட்டது கிடைத்துவிட்டது, அதைப் பற்றிக் குறை சொல்லவும் வழியில்லை.

மெக்கானிக் தேவசகாயத்தின் படத்தைப் பார்த்து விசையை மாற்றி முடிப்பதற்குள் சர்ட்டிபிகேட் சங்கதி ஆபீஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது. என் மேசையை வராந்தாக் கோடிக்கு மாற்றினார்கள், காற்று நன்றாக வருமாம். யாரும் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. கடிதங்களை ஒரு தட்டில் வைத்துவிட்டுப் போவார்கள், அடித்ததை நான் அதே தட்டில் வைப்பேன். டீ கொண்டுவருகிற ஆள் என் டம்ளரைத் தனியாக ஜன்னலில் கவிழ்த்து வைத்தார். கோகிலா வாசலைத் தாண்டும்போது, "நல்லா இருக்கீங்களாக்கா?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்வதற்குள் உள்ளே போய்விடுவாள். ஓயாமல் பேசுகிறவள் அவள். ஆஸ்பத்திரியில் இருபது பேரோடு இருந்தபோது தனியாக இருக்கிறேன் என்று நினைத்தேன். தனிமை என்றால் என்ன என்று அந்த வராந்தாவில்தான் தெரிந்துகொண்டேன். எட்டு மாதம் அப்படிப் போனது. வீட்டுக்குப் போய் இரண்டு வார்த்தை பேசினால் என் குரல் எனக்கே புதிதாக இருக்கும்.

மாதம் ஒரு நாள் மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அப்படி ஒரு நாள் லீவு எடுத்துவிட்டு மறுநாள் காலை வந்தேன். கேட்டுக்குள் நுழைந்ததும் நோட்டீஸ் போர்டுக்கு முன்னால் ஷிப்ட் முடிந்த கூட்டம். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். நான் வந்ததும் இரண்டு பேர் விலகினார்கள். விலகியதில் எனக்கு வழி கிடைத்தது, போய்ப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட் மாற்றம் பற்றிய அறிவிப்பு. மானேஜர் கையெழுத்தும் கம்பெனி முத்திரையும் கச்சிதமாக இருந்தன. மேலே 'அறிவிளபபு' என்று தலைப்பு. கீழே 'ஞாயிளறறுளககிழமை ஷிளபளட' என்று ஆரம்பித்து, பக்கம் முழுக்க அப்படியே.

"இன்னாபா பாஷை இது, மலையாளமா?" என்று ஒருத்தர் கேட்டார்.

எனக்கு மட்டும் தெரியும் அது என்ன பாஷை என்று. யாரோ என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். என் விசைகளின் மேல் பத்து விரலையும் வைத்து, இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்தபடி மிஷினைப் பார்க்காமல், எழுதிக் கொடுத்த தாளை மட்டும் பார்த்து, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நிறுத்தாமல் அடித்திருக்கிறார்கள். அவசரத்தில் படித்துப் பார்க்காமல் உருவிக் கொடுத்திருக்கிறார்கள். படிக்கத் தெரியாதவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார். பயந்து தொட்டிருந்தால் பாதியில் நின்றிருக்கும். இது பயப்படாத கை அடித்தது. அத்தனை பேருக்கு நடுவில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரித்து வந்ததாக நினைத்திருப்பார்கள்.

மேலே போனபோது கோகிலா என் மேசைப் பக்கத்தில் நின்றிருந்தாள்.

"நான்தாங்க்கா. அர்ஜன்ட்டுன்னாங்க. ஏதோ கீ மாத்திக்கீதுன்னு தெரியும், அடிக்கசொல மறந்தே பூட்டேன். மானம் போச்சுக்கா. இப்ப வேற அடிச்சி ஒட்டணும்" என்றாள். அழுதுவிடுகிற மாதிரி இருந்தாள்.

"நான் அடிச்சித் தர்றேன், போ."

"வேணாங்க்கா, நானே அடிக்கறேன். நீங்க வராத அன்னிக்கு அடிக்க ஆள் வேணும் இல்ல? அந்தப் புள்ளிய எங்கதான் வெச்சிக்கீறீங்க?"

என் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் இரண்டடி தள்ளி நின்று, பென்சிலை நீட்டி 'ள' இருந்த விசையைத் தொட்டுக் காட்டினேன்.

"பென்சில்ல காட்னா கைக்கு எப்டிக்கா தெரியும்?" என்றாள். "புடிச்சி வைங்க."

பென்சிலைக் கீழே வைத்தேன். வலது கையை முந்தானையில் துடைத்துக்கொண்டேன். அவளுடைய இடது கை மோதிர விரலைப் பிடித்து, அந்த விசையின் மேல் வைத்து, அழுத்தினேன். காகிதத்தில் புள்ளி விழுந்தது, கேரேஜ் நகரவில்லை. இன்னொரு தரம் என்றாள். இன்னொரு தரம் பிடித்து வைத்தேன். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.